கசப்பு ஏறிவிட்டதா, மணம் ஓடிவிட்டதா? வீட்டு பியரில் ஹாப்ஸ் போட்ட நேரத்தைச் சரிபார்க்கும் வழிமுறை

ரசம் வைக்கத் தெரிந்தவருக்கு, பியரில் போடும் ஹாப்ஸ் பூவின் விஷயம் பாதி தெரிந்த மாதிரிதான். மிளகு சீரகம் முதலிலேயே போகும். கொத்தமல்லித் தழை நுரை கட்டும் நேரத்தில் விழும். அதற்குப் பிறகும் கொதிக்க விட்டால் தழை இருக்கும், மணம் இருக்காது. ஹாப்ஸில் ஒரே பூ இரண்டு வேலையையும் செய்கிறது. சூட்டில் அதிக நேரம் கிடந்தால் கசப்பு தரும், கொஞ்ச நேரம் கிடந்தால் மணம் தரும்.

காரணம் இதுதான். ஹாப்ஸில் இருக்கும் ஆல்ஃபா அமிலம் தண்ணீரில் சரியாகக் கரையாது, கசக்கவும் செய்யாது. கொதிசூட்டில் உருமாறி ஐசோ ஆல்ஃபா அமிலமான பிறகுதான் கசப்பு வோர்ட்டில், அதாவது மால்ட் எனும் முளைகட்டிய தானியத்திலிருந்து எடுத்த நொதிக்காத சாற்றில், தங்கும். அதற்கு நேரம் வேண்டும். மிர்சீன், லினலூல் போன்ற மண எண்ணெய்கள் அப்படியில்லை. சில நிமிடங்களிலேயே ஆவியோடு கிளம்பத் தொடங்கிவிடும்.

கணக்காகப் பார்க்கலாம். 10 லிட்டர் வோர்ட், அடர்த்தி 1.050 (தண்ணீர் 1.000), ஆல்ஃபா 12 சதவீதம் உள்ள ஹாப்ஸ் 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கசப்பைக் கணக்கிடும் டின்செத் சூத்திரப்படி 60 நிமிடம் கொதித்தால் சுமார் 28 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) வரும். 30 நிமிடத்துக்கு 21, 15 நிமிடத்துக்கு 14, 5 நிமிடத்துக்கு ஐந்தரை. 60-ஐ 90 ஆக்கினாலும் பெரிதாக ஏறாது. கடைசிக் கால் மணி நேரத்தில் சில நிமிடம் தவறினால்தான் பியரே மாறிவிடும்.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் 5 கேலன், அதாவது 19 லிட்டருக்கு எழுதப்பட்டவை. சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் 10 லிட்டர்தான் சௌகரியம். செய்முறையில் 1 அவுன்ஸ் என்று இருந்தால் 10 லிட்டருக்கு 15 கிராம் போடுங்கள். சிங்கப்பூர்ச் சுங்கத்துறை விதிப்படி ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் உச்சவரம்பு. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், விற்கக் கூடாது, வடித்து மதுவாக்கவும் கூடாது. ஆகவே மாதம் மூன்று பானை. பரிசோதனை செய்து பார்க்க அது தாராளம்.

இனி உங்கள் பியரில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்குப் போகலாம்.

கசப்பு எதிர்பார்த்ததைவிட அதிகம், மணம் குறைவு

மிக அதிகமாக வரும் புகார் இது. நான்கு இடங்களைப் பாருங்கள், இந்த வரிசையிலேயே.

1. கடிகாரத்தை எந்தப் பக்கமிருந்து எண்ணினீர்கள்? செய்முறையில் “சிட்ரா, 5 நிமிடம்” என்றால் கொதி தொடங்கி ஐந்தாவது நிமிடம் என்று பொருள் அல்ல. கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது என்று பொருள். 60 நிமிட ஹாப்ஸ் முதலில் விழும், 5 நிமிட ஹாப்ஸ் கடைசியில் விழும். தலைகீழாகப் படித்தவர் கசப்புக்கான மேக்னம் வகை ஹாப்ஸைக் கடைசியில் போட்டு, மணத்துக்கான சிட்ரா வகையை 55 நிமிடம் வேகவைத்திருப்பார். கைப்பேசியில் 60 நிமிடத்தை இறங்குமுகமாக ஓடவிட்டால் இந்தக் குழப்பமே வராது. திரையில் தெரியும் எண்ணும் செய்முறையில் இருக்கும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும்.

2. அடுப்பை அணைத்த பிறகு என்ன நடந்தது? நம் ஊரில் பல பானைகள் கெடுவது இங்கேதான். அடுப்பை அணைத்தால் கொதி நிற்கும், உருமாற்றம் நிற்காது. வெப்பம் இறங்க இறங்க வேகம் தணியும், 80 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால்தான் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுக்குக் குறையும். மூடி போட்டு அடுப்பிலேயே விட்ட 10 லிட்டர் பானை 80-க்கு இறங்க அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். “அணைத்ததும் 30 கிராம்” என்று போட்ட ஹாப்ஸ் அந்த அரை மணி நேரமும் கசப்பை விட்டுக்கொண்டேதான் இருக்கும். முன்பு போட்ட 5 நிமிட ஹாப்ஸும் உண்மையில் 5 நிமிட ஹாப்ஸாக இருக்காது.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. 10 லிட்டருக்குப் பதிலாக 8 லிட்டரில் முடியுமாறு கொதிக்க விடுங்கள். முதல் நாளே 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரியில் வைத்திருங்கள். அடுப்பை அணைத்ததும் அதை ஊற்றிக் கலக்கினால் மொத்தமும் அந்த நொடியே 81 டிகிரிக்கு வந்து நிற்கும். இப்போது மண ஹாப்ஸைப் போட்டு, மூடி, 20 நிமிடம் ஊற விடுங்கள். எண்ணெய் இறங்கும், கசப்பு அதிகம் ஏறாது. 8 லிட்டரில் அடர்த்தி கூடுதல் என்பதால் 60 நிமிட ஹாப்ஸின் கசப்பு சற்றுக் குறையும். கசப்பு ஹாப்ஸில் 1 கிராம் கூட்டினால் ஈடாகிவிடும்.

வோர்ட்டைக் குளிர்விக்கும் செம்புக் குழாய்ச் சுருள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். இங்கே குழாய்த் தண்ணீரே 28, 29 டிகிரியில் வருகிறது. அதை வைத்து வோர்ட்டை 20-க்கு இறக்க முடியாது. ஆனால் ஹாப்ஸுக்கு வேண்டியது 100-லிருந்து 80 வரையிலான இறக்கம் மட்டும்தான், அதைக் குழாய்த் தண்ணீர் இரண்டு மூன்று நிமிடத்தில் செய்துவிடும். 80-ல் தண்ணீரை நிறுத்தி ஹாப்ஸை ஊற வைத்து, பிறகு மீண்டும் திறந்து 40 வரை கொண்டுபோங்கள். அங்கிருந்து ஈஸ்ட்டுக்கு ஏற்ற வெப்பத்துக்குப் பனிக்கட்டித் தண்ணீர் வேண்டும். வாளியில் பனிக்கட்டியைப் போட்டுச் சிறிய மீன்தொட்டி பம்பால் சுருளுக்குள் சுற்றவிட்டால் போதும். பனிக்கட்டியை ஆரம்பத்திலேயே கொட்டுவது வீண். அதன் பாதி, குழாய்த் தண்ணீரே செய்யக்கூடிய வேலைக்குப் போய்விடும்.

குளிரவைக்காமலே சூடாகக் கலனில் அடைத்து மறுநாள் ஈஸ்ட் போடுபவர்கள், கடைசி அரை மணி நேரத்து ஹாப்ஸ் எல்லாவற்றையும் 15 முதல் 20 நிமிடம் பிந்திப் போட வேண்டும். செய்முறையில் 20 நிமிடம் என்றால் நீங்கள் அணைக்கும்போது போடுங்கள். 10, 5 நிமிட ஹாப்ஸைக் கொதியில் போடவே வேண்டாம், நொதித்தல் முடிவில் டிரை ஹாப்பாக (கொதிக்கவைக்காமல் பியரிலேயே ஊறவிடும் ஹாப்ஸாக) மாற்றிவிடுங்கள்.

3. பொட்டலத்தின் ஆல்ஃபா எண் என்ன? அது ஒவ்வோர் அறுவடைக்கும் மாறும். செய்முறை 5.5 சதவீத கேஸ்கேட் 20 கிராம் கேட்கிறது, உங்கள் கையில் இருப்பது 7.5 என்றால், 20 × 5.5 ÷ 7.5, அதாவது 15 கிராம் போதும். இந்தச் சரிக்கட்டல் கசப்பு ஹாப்ஸுக்கு மட்டுமே. மண ஹாப்ஸை எடை மாற்றாமல் போடுங்கள்.

4. கடைசியில் எத்தனை லிட்டர் மிஞ்சியது? 10-க்குப் பதில் 8 மிஞ்சியிருந்தால் கசப்பு 25 சதவீதம் கூடியிருக்கும். நொதிக்கும் முன் கொதித்து ஆறிய தண்ணீரால் 10-க்குக் கொண்டுவந்தால் கசப்பும் அடர்த்தியும் சேர்ந்தே சரியாகும்.

ஹாப்ஸ் ஏற்கெனவே கலந்து வரும் மால்ட் டின்னில் செய்பவர்கள் 60 நிமிட ஹாப்ஸைத் தொடவே வேண்டாம். கசப்பு டின்னுக்குள்ளேயே இருக்கிறது. டின்னைக் கரைத்து 80-க்கு இறக்கி, 15 கிராம் மண ஹாப்ஸ் ஊறவைத்தால் நல்ல மாற்றம் தெரியும்.

கசந்துபோன பியரை என்ன செய்வது? அடுத்த பானையைக் கசப்புக் குறைவாகச் செய்து, குடிக்கும்போது கோப்பையில் கலந்துகொள்ளலாம். மாதக்கணக்கில் வைத்திருந்தால் கசப்பு தானே தணியும். ஆனால் இருக்கும் கொஞ்ச மணமும் கூடவே போய்விடும்.

கசப்பே இல்லை, பாயசம் மாதிரி இனிக்கிறது

முதலில் அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரைப் பாருங்கள். நொதித்தல் 1.020-லேயே நின்றிருந்தால் குற்றம் ஈஸ்ட்டுடையது. 1.012 பக்கம் சரியாக முடிந்திருந்தால் ஹாப்ஸைச் சந்தேகிக்கலாம். வழக்கமான காரணங்கள் மூன்று: ஹாப்ஸ் பழையது, வலைப்பையில் திணித்துக் கட்டியிருக்கிறீர்கள், அல்லது போட்ட ஹாப்ஸ் நுரையோடு ஏறிப் பானையின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்துவிட்டது. பெல்லட் (ஹாப்ஸை அரைத்து அழுத்திய சிறு உருண்டை) ஊறினால் பல மடங்கு உப்பும், எனவே பையில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஓரத்தில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்து உள்ளே தள்ளுங்கள்.

இன்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட்தான், கொதி பலமாக இல்லையே என்று கவலைப்படுபவர்கள் உண்டு. வோர்ட் 100 டிகிரியில் அசைந்து புரண்டுகொண்டிருந்தால் உருமாற்றம் நடக்கும். 10 லிட்டருக்கு அந்த அடுப்பு போதும். 20 லிட்டருக்குத் திணறும்.

ஐசோ ஆல்ஃபா சாறு கிடைத்தால், ஒரு கோப்பையில் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுவைத்து அளவைக் கண்டுபிடித்து மொத்தத்துக்கும் சேர்க்கலாம். ஹாப்ஸைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஊற்றுவதும் கசப்பு தரும், ஆனால் எவ்வளவு என்பது கணக்குக்குள் அடங்காது.

கசப்பு அல்ல, துவர்ப்பு, தொண்டையில் எரிச்சல்

பாகற்காய் கசக்கும், வாழைப்பூ துவர்க்கும். பியரில் எது வருகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். நாக்கு வறண்டு இழுப்பது போலிருந்தால் அது பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருள். ஆல்ஃபா 3 சதவீதமே உள்ள சாஸ் போன்ற ஹாப்ஸை வைத்தே முழுக் கசப்பையும் எடுக்க முயன்று 60 கிராம் இலைக்குப்பையை ஒரு மணி நேரம் வேகவைத்தால் இப்படித்தான் ஆகும். 60 நிமிடத்துக்கு மேக்னம் மாதிரி ஆல்ஃபா 12, 13 உள்ளதைக் கொஞ்சமாகப் போட்டு, சாஸைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிரை ஹாப் செய்த பியரில் மட்டும் தொண்டை எரிந்தால், மிதக்கும் ஹாப்ஸ் துகள்தான் காரணம். 2 முதல் 4 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வையுங்கள், துகள் படிந்துவிடும். முதல் கோப்பையை மட்டும் கொட்டிவிடுங்கள்.

கசப்பு மொண்ணையாக, முனை மழுங்கியதாக இருந்தால் தண்ணீரைப் பாருங்கள். நம் குழாய்த் தண்ணீர் மென்னீர். 10 லிட்டருக்கு 1 கிராம் ஜிப்சம் சேர்த்தால் சல்ஃபேட் லிட்டருக்கு 56 மில்லிகிராம் கூடும், கசப்பு நறுக்கென்று நிற்கும். பேல் ஏலுக்கு 2 கிராம் வரை போகலாம்.

அறுகம்புல் சாறு வாடை

டிரை ஹாப் அதிக நாள் கிடந்திருக்கிறது. “7 நாள்” என்று எழுதிய பழைய செய்முறைகளைப் பின்பற்றாதீர்கள். எண்ணெயின் பெரும்பகுதி ஒன்றிரண்டு நாளிலேயே இறங்கிவிடும். அதற்குப் பிறகு இறங்குவது இலையின் பச்சை வாடை. 30 டிகிரி அறையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அறை வெப்பத்தில் 48 மணி நேரம், 18 டிகிரி பெட்டிக்குள் என்றால் 3 நாள் போதும். அளவு லிட்டருக்கு 4 கிராம், 10 லிட்டருக்கு 40. லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் போட்ட அளவுக்கு மணம் ஏறாது, காசுதான் போகும்.

வாடை வந்துவிட்டால் ஹாப்ஸை எடுத்துவிட்டுக் குளிரில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது.

புட்டியைத் திறந்தால் பொங்குகிறது. வெண்ணெய் வாடை வேறு

இதைத் தள்ளிப்போடாதீர்கள், கண்ணாடிப் புட்டி வெடிக்கும் விஷயம். பலர் சர்க்கரை கூடிவிட்டது என்று நினைக்கிறார்கள். டிரை ஹாப் செய்த பியராக இருந்தால் ஹாப்ஸே காரணமாக இருக்கலாம். ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் கொஞ்சம் உண்டு. கொதியில் போட்டால் அவை செத்துவிடும். டிரை ஹாப்பில் உயிரோடு பியருக்குள் போய், ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைத்த டெக்ஸ்ட்ரினை உடைத்துச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் மறுபடி எழுந்து வேலையைத் தொடங்கும். அதில் வாயு வரும், வெண்ணெய் மணக்கும் டையசெட்டிலும் வரும்.

அடர்த்தியில் 0.001 இறங்கினால், பியரின் கொள்ளளவில் ஏறத்தாழ அரை மடங்கு வாயு கூடுகிறது. 1.012-ல் முடிந்துவிட்டது என்று நினைத்து, ஹாப்ஸ் போட்டு இரண்டே நாளில் புட்டியில் அடைத்தால், உள்ளே 1.008 வரை இறங்கலாம். அது இரண்டு மடங்கு வாயு. நீங்கள் போட்ட சர்க்கரையிலிருந்து வருவதோடு சேர்த்து நான்கைத் தாண்டும். சாதாரண பியர் புட்டி அதைத் தாங்கும் என்று நம்பக் கூடாது.

அடுத்த முறைக்கு இப்படிச் செய்யுங்கள்:

1. நாட்காட்டியைப் பார்த்து டிரை ஹாப் செய்யாதீர்கள், ஹைட்ரோமீட்டரைப் பாருங்கள். வோஸ் குவைக் ஈஸ்ட் 30, 35 டிகிரியில் மூன்று நான்கு நாளில் வேலையை முடித்துவிடும். “பத்தாம் நாள்” என்ற குறிப்பு அதற்குப் பொருந்தாது.
2. முடிவு அடர்த்திக்கு இன்னும் 0.002, 0.003 இருக்கும்போதே ஹாப்ஸைப் போடுங்கள். விழித்திருக்கும் ஈஸ்ட், புதிதாக உடையும் சர்க்கரையையும் தின்னும், மூடியைத் திறந்தபோது புகுந்த ஆக்சிஜனையும் தின்னும், டையசெட்டிலையும் தின்னும்.
3. 48 மணி நேரத்தில் ஹாப்ஸை எடுத்துவிட்டு, அதே வெப்பத்தில் வைத்திருங்கள். மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவீடு ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலான ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது, நம் 30 டிகிரி பியரில் 0.002 போலக் குறைத்துக் காட்டும். அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.
4. ஒரு சின்னக் கோப்பை பியரை மூடி, 60 டிகிரி சுடுதண்ணீரில் 20 நிமிடம் வைத்து, ஆற்றி முகர்ந்து பாருங்கள். வெண்ணெய் மணந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.
5. லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை. ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடாப் புட்டியையும் சேர்த்து நிரப்புங்கள். அது கல் மாதிரி இறுகியதும் மொத்தத்தையும் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றிவிடலாம்.

இப்போது கையில் பொங்கும் புட்டிகள் இருந்தால், தடித்த துணி சுற்றி, கண்ணாடி அணிந்து குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். ஒருநாள் முழுதாகக் குளிர்ந்த பிறகு கழுவுதொட்டிக்குள் வைத்து மூடியை மெல்லத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். சூட்டோடு தொட வேண்டாம்.

ஹாப்ஸ் போட்டதும் பானை பொங்குகிறது

வோர்ட் முதலில் கொதிக்கும்போது புரத நுரை எழும். அந்த நேரத்தில் பெல்லட்டைக் கொட்டினால் ஒவ்வொரு துகளும் குமிழிக்கு வழி செய்யும். நுரை எழுந்து தானே அடங்க ஐந்து, பத்து நிமிடம் பொறுத்து, அதன் பிறகு 60 நிமிடத்தை எண்ணத் தொடங்கி, ஹாப்ஸை மூன்று பங்காகப் போடுங்கள். வாயு ஏறிய பியரில் டிரை ஹாப் போட்டாலும் இதே கூத்துதான். மிச்சமாகும் ஹாப்ஸ் சக்கையைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். வடிகட்டி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

பாலாடைக்கட்டி வாடை, அல்லது எந்த மணமும் இல்லை

நேரம் எல்லாம் சரி, சரக்குதான் கெட்டது. ஆல்ஃபா அமிலம் காற்றுபட்டுச் சிதைந்தால் ஐசோவலரிக் அமிலம் வரும். நனைந்த காலுறை வாடை என்றும் சொல்லலாம். இரண்டு பெல்லட்டை விரலிடுக்கில் நசுக்கி முகருங்கள். பச்சையாக, பிசுக்கென்று, நல்ல மணத்தோடு இருக்க வேண்டும். பழுப்பேறிப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் மணத்துக்கு ஆகாது. 100 கிராம் பொட்டலத்தைத் திறந்து 40 எடுத்தால், மீதி 60-ஐக் காற்று நீக்கி ஒட்டி உறைபெட்டியில் வையுங்கள். சமையலறை அலமாரியில் ரப்பர் வளையம் போட்டு வைப்பது நம் வெயிலில் சில வாரங்களில் காசைக் குப்பையில் போடுவதற்குச் சமம்.

முதல் வாரம் மாம்பழ மணம், மூன்றாம் வாரம் நிறமும் கறுத்துவிட்டது

ஆக்சிஜன். இளமஞ்சள் பியர் சாம்பல் கலந்த பழுப்புக்குப் போகும், மணம் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஆகும். டிரை ஹாப்புக்காக மூடியைத் திறப்பதும், புட்டியில் ஊற்றும்போது சலசலக்க விடுவதும்தான் வழி திறந்துவிடுகின்றன. மூடியைத் திறக்காமலே ஹாப்ஸ் போட ஒரு தந்திரம் உண்டு. ஈஸ்ட் போடும் நாளிலேயே ஹாப்ஸ் பையோடு சுத்தப்படுத்திய துருப்பிடிக்காத காந்தம் ஒன்றை வைத்து, பிளாஸ்டிக் கலனின் உட்சுவரில் பியர் மட்டத்துக்கு மேலே, வெளியே இன்னொரு காந்தத்தால் பிடித்து நிறுத்துங்கள். நேரம் வந்ததும் வெளிக் காந்தத்தை எடுத்தால் பை விழுந்துவிடும். அதுவரை நான்கு நாள் ஹாப்ஸ் சூட்டில் இருக்குமே என்றால், உள்ளே முழுக்கக் கரியமில வாயு என்பதால் பெரிய சேதம் இல்லை.

வாயு ஏறிய புட்டிகளை வெளியே வைக்காதீர்கள். 30 டிகிரியில் இரண்டு வாரத்தில் போகும் மணம், 4 டிகிரியில் பல வாரம் நிற்கும்.

ஹாப்ஸ் மாதிரி தெரிவது, ஆனால் ஹாப்ஸ் நேரம் அல்ல

பூனை மூத்திரமும் கருகிய ரப்பரும் கலந்த வாடை என்றால் வெளிச்சம் பட்டிருக்கிறது. ஐசோ ஆல்ஃபா அமிலத்தை ஒளி உடைத்துக் கந்தகச் சேர்மமாக்குகிறது. கண்ணாடிக் கலனைச் சன்னலோரம் வைத்திருந்தால் சில மணி நேரமே போதும். பச்சைப் புட்டியும் காப்பாற்றாது, பழுப்புப் புட்டிதான் நல்லது. வீட்டின் வெடிகுண்டுப் புகலிட அறை இருட்டாக இருப்பதால் நொதிக்கலனுக்கு ஏற்ற இடம், சூடு மட்டும்தான் குறை.

காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாடை வந்தால் தண்ணீர். நம் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின், கொதிக்கவைத்தாலும் இரவு முழுக்கத் திறந்து வைத்தாலும் குளோரின் போல எளிதில் போகாது. 20 லிட்டருக்குக் கால் கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்து, மால்ட் சேர்க்கும் முன்பே தண்ணீரில் கலக்குங்கள். சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். குளிர்விக்க ஊற்றும் அந்த 2 லிட்டரையும் இதே தண்ணீரிலிருந்து எடுத்து வையுங்கள்.